பேசுற பட்டன்ல இருந்து ஆரம்பிங்க: மல்டிபிளேயர் கேமுக்கு கீபோர்ட், கீபேட், வாய்ஸ் சாட் செட் பண்ற முழு வழிகாட்டி

கேமிங் கீபோர்ட் எது வாங்கலாம்னு கேட்டா பத்து பேரு பத்து சுவிட்ச் பேரு சொல்லுவாங்க, மைக் எது நல்லதுன்னு கேட்டா இன்னும் பத்து பேரு வருவாங்க, ஆனா இந்த ரெண்டும் ஒரே இடது கையில வந்து முட்டிக்குதுங்கறத மட்டும் யாரும் சொல்றதில்ல. ஒரு நிமிஷம் உங்க கைய பாருங்க. ஓடிக்கிட்டு இருக்கீங்க, சுண்டுவிரல் ஷிஃப்ட்ல, மோதிர விரல் ஏ மேல, நடுவிரல் டபிள்யூவ அமுக்கிட்டு இருக்கு, ஆள்காட்டி விரல் டி மேல, கட்டைவிரல் ஸ்பேஸ்ல. பின்னாடி ரெண்டு பேரு வர்றாங்க, டீமுக்கு உடனே சொல்லணும். பேசுற பட்டன் வி-ல இருக்கு. இப்ப எந்த விரல எடுப்பீங்க? ஆள்காட்டி விரல எடுத்தா வலது பக்கம் நகர முடியாது, கட்டைவிரல எடுத்தா குதிக்க முடியாது, அதனால நிறைய பேரு என்ன பண்றாங்கன்னா பேசாமயே செத்துட்டு அப்புறமா "பின்னாடி ரெண்டு பேரு இருந்தாங்கப்பா"ன்னு சொல்றாங்க.

அதனால இந்த வழிகாட்டில வழக்கமான வரிசைய மாத்திருக்கேன். முதல்ல பேசுற பட்டன் எங்கன்னு முடிவு பண்ணுவோம், அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி கீபோர்ட், தேவைப்பட்டா கீபேட், கடைசியா மைக்கும் சாஃப்ட்வேரும்.

1. பேசுற பட்டனுக்கு இடம் பிடிக்கிறது

முதல் கேள்வி, புஷ் டு டாக் வேணுமா இல்ல வாய்ஸ் ஆக்டிவிட்டி போதுமா. புஷ் டு டாக்னா பட்டன அமுக்கிட்டு இருக்கற வரைக்கும் மட்டும் மைக் தொறந்திருக்கும். வாய்ஸ் ஆக்டிவிட்டின்னா சத்தம் ஒரு அளவு தாண்டினா மைக் தானா தொறந்துக்கும். ரெண்டு பேரு, மூணு பேரு ஃப்ரெண்ட்ஸா ஆடுறப்ப இது ஓகே. அஞ்சு பேருக்கு மேல போச்சுன்னா, இல்ல தெரியாதவங்க கூட ஆடுறீங்கன்னா, ஃபேன் சத்தம், வீட்டு சத்தம், மூச்சு, கீபோர்ட் தட்டுறது எல்லாம் சேர்ந்து எதிரியோட காலடி சத்தத்த மூடிடும். அப்ப புஷ் டு டாக் தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

இடம்னு பார்த்தா என்னோட முதல் சாய்ஸ் மவுஸோட சைடு பட்டன். வலது கை கட்டைவிரல் பாதி நேரம் சும்மா தான் மவுஸ புடிச்சிட்டு இருக்கு, டிஸ்கார்ட், டீம்ஸ்பீக், மம்பிள்னு வாய்ஸ் சாட் ஆப் எல்லாமே மவுஸ் பட்டன ஏத்துக்கும், பெரும்பாலான கேம்களும் ஏத்துக்கும். ஒரே சிக்கல், குறி வைக்கிற நேரத்துல சைடு பட்டன அழுத்தமா அமுக்கினா மவுஸ் ஒரு துளி நகரும். லேசா அமுங்குற பட்டனா இருந்தா இது தெரியாது. ரெண்டு சைடு பட்டன் இருந்தா முன்னாடி இருக்கறத விட பின்னாடி இருக்கறது தான் கட்டைவிரலுக்கு பக்கம், எது சும்மா மடக்கினாலே எட்டுதோ அத பேசுறதுக்கு குடுங்க, இன்னொண்ண கிரனேடுக்கோ மெலீக்கோ (பக்கத்துல நின்னு அடிக்கறது) வச்சுக்கோங்க.

மவுஸ் பட்டன் எல்லாம் கேமுக்கே போயிடுச்சுன்னா அடுத்தது இடது கை கட்டைவிரல். ஸ்பேஸ்ல இருந்து அப்படியே மேல ஏத்தினா சி, வி ரெண்டும் எட்டும். சில பேரு இடது ஆல்ட்ட வைப்பாங்க, எட்டுறது நல்லாவே எட்டும், ஆனா ஆல்ட் கூட டேப் சேர்ந்தா கேம விட்டு வெளிய வந்துடும், என்டர் சேர்ந்தா சில கேம்ல ஃபுல் ஸ்கிரீன் போயிடும், எஃப்4 சேர்ந்தா கேமே மூடிடும், அதனால நான் சிபாரிசு பண்ண மாட்டேன். கேப்ஸ் லாக்கும் அதே கதை தான். சுண்டுவிரல் ஷிஃப்ட்ட விட்டுட்டு அங்க போகணும், ஓட்டம் நின்னுடும், அதோட மேட்ச் முடிஞ்சு சாட்ல டைப் பண்ணா எல்லாம் பெரிய எழுத்துல கத்துற மாதிரி வரும்.

மூணாவது வழி நிறைய பேருக்கு தோணவே தோணாது, கால். யூஎஸ்பி ஃபுட் பெடல்னு ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டருக்கு அது ஒரே ஒரு கீ இருக்கற கீபோர்ட் தான். அதுக்கு எஃப்13னு ஒரு கீய செட் பண்ணுங்க. எஃப்12வோட முடிஞ்சுதுன்னு நினைப்போம், ஆனா விண்டோஸுக்கு எஃப்24 வரைக்கும் தெரியும், சாதாரண கீபோர்ட்ல அந்த பட்டன்லாம் இல்லாததால எந்த கேமும் அத யூஸ் பண்றதில்ல, மோதலே வராது. ரெண்டு கையும் ஃப்ரீ, பேசணும்னா காலை அழுத்தணும், அவ்வளவு தான். ரெய்டு (பெரிய டீமா சேர்ந்து பாஸ அடிக்கறது), ஃப்ளைட் சிமுலேட்டர் மாதிரி நீளமா உக்காந்து ஆடுறவங்களுக்கு இத விட சுகமான செட்டப் கிடையாது. மவுஸ் சாஃப்ட்வேர்ல கூட சைடு பட்டனுக்கு எஃப்13 குடுத்து வச்சுக்கலாம், அப்ப கேம் உள்ள அந்த சைடு பட்டனுக்கு வேற வேலை இருந்து அதுவும் சேர்ந்து ஓடுற தொல்லை இருக்காது.

இதுல இன்னொரு விஷயம், கை வைக்கிற இடத்தையே மாத்துறது. நடக்கறதுக்கு டபிள்யூ ஏ எஸ் டி தான்னு ஒண்ணும் சட்டம் இல்ல. 1997ல நடந்த ரெட் அனிஹிலேஷன்ங்கற க்வேக் கேம் போட்டில ஜெயிச்சு, அந்த கேம உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஜான் கார்மாக்கோட ஃபெராரி காரையே தட்டிட்டு போன டென்னிஸ் ஃபாங், த்ரெஷ்னா தான் எல்லாருக்கும் தெரியும், அவரு இத யூஸ் பண்ணாரு, மத்தவங்க பார்த்து காப்பி அடிச்சாங்க, அது பரவினதுல அவருக்கு பெரிய பங்கு இருக்கு. ஒரு கட்டம் வலது பக்கம் தள்ளி ஈ எஸ் டி எஃப்ல கைய வச்சா ஆள்காட்டி விரலுக்கு எஃப் மேல இருக்கற மேடு தட்டுப்படும், பார்க்காமயே கை சரியான இடத்துல உக்காரும், சுண்டுவிரலுக்கு கியூ, ஏ, இசட்னு மூணு புது பட்டன் கிடைக்கும். பேசுறதுக்கு ஏ குடுத்துடலாம். என்ன, எல்லா கேம்லயும் எல்லா பட்டனையும் திரும்ப மாத்தணும், பாதி பேரு அந்த வேலைக்கு சோம்பல் பட்டே விட்டுடுவாங்க.

2. இப்ப இருக்கற கீபோர்ட் தாங்குதான்னு டெஸ்ட் பண்ணுங்க

புதுசா வாங்குறதுக்கு முன்னாடி இத பண்ணிடுங்க. கீபோர்ட் உள்ள ஒவ்வொரு கீக்கும் தனி வயர் கிடையாது, வரிசையும் நெடுக்கையுமா ஒரு கட்டம் போட்டு அது குறுக்க வெட்டுற இடத்துல கீ இருக்கும். ஒரு செவ்வகத்தோட மூணு மூலையில இருக்கற கீய ஒண்ணா அமுக்கினா கரண்ட் சுத்தி வந்து நாலாவது மூலையும் அமுக்கின மாதிரி காட்டும், இது தான் கோஸ்டிங். இத தவிர்க்க விலை கம்மியான கீபோர்ட்ல என்ன பண்ணுவாங்கன்னா அந்த மாதிரி சந்தேகம் வந்தா மூணாவது கீயயே கண்டுக்காம விட்டுடுவாங்க. நீங்க பேசுற பட்டன அமுக்குவீங்க, அமுங்கும், ஆனா கம்ப்யூட்டருக்கு போகவே போகாது. ஒவ்வொரு கீக்கும் ஒரு டையோட் (கரண்ட ஒரே பக்கம் மட்டும் விடுற சின்ன பாகம்) வச்சிருந்தா இந்த பிரச்சனை இல்ல.

டெஸ்ட் ரொம்ப ஈஸி. நோட்பேட் தொறங்க. ஷிஃப்ட்டையும் டபிள்யூவையும் அமுக்கி பிடிச்சுக்கோங்க, எழுத்து ஓடிட்டே இருக்கும். அப்படியே பிடிச்சுக்கிட்டு ஏ தட்டுங்க, டி, ஆர், எஃப், சி, வி, அப்புறம் ஸ்பேஸ்னு ஒவ்வொண்ணா தட்டுங்க. தட்டினது ஒவ்வொண்ணும் திரைல வரணும். அடுத்து ஷிஃப்ட், டபிள்யூ, ஏ மூணையும் பிடிச்சுக்கிட்டு அதே மாதிரி, அப்புறம் ஷிஃப்ட், டபிள்யூ, டி. அதுக்கப்புறம் கன்ட்ரோலும் ஆல்ட்டும் யூஸ் பண்றவங்களா இருந்தா அத நோட்பேட்ல பண்ணாதீங்க, கன்ட்ரோல் கூட டபிள்யூ சேர்ந்தா விண்டோவே மூடும், அதுக்கு பிரவுசர்ல ஓடுற கீபோர்ட் டெஸ்டர் பக்கங்களும் சரிப்படாது, டேப் மூடிக்கும், கேமோட ட்ரெயினிங் மேப் உள்ளயே போய் பாருங்க. எந்த கூட்டணில எந்த கீ விழலயோ அத எழுதி வச்சுக்கோங்க. பல சமயம் புது கீபோர்டே வேணாம், விழாத கீல இருந்து பேசுற பட்டன வேற இடத்துக்கு மாத்தினா போதும்.

பெட்டி மேல "என்-கீ ரோல்ஓவர்"னு, அதாவது எத்தனை கீய ஒண்ணா அமுக்கினாலும் எல்லாம் பதிவாகும்னு, பெருசா போட்டிருக்கறத பார்த்து அதுக்காக மட்டும் காசு கூட குடுக்காதீங்க. யூஎஸ்பி கீபோர்டோட பழைய அடிப்படை முறைல ஒரு தடவை அனுப்புற தகவல் 8 பைட், அதுல ஒண்ணு ஷிஃப்ட், கன்ட்ரோல் வகையறாவுக்கு, ஒண்ணு சும்மா, மீதி 6 பைட்ல 6 கீ. அஞ்சு விரலுக்கு இதுவே தாராளம். அந்த 6 கீயும் உள்ள கட்டத்துல அடைபடாம வருதாங்கறது தான் விஷயம்.

3. கீபோர்ட் வாங்குறதா இருந்தா

மெம்ப்ரேன் கீபோர்ட்னா கீழ ரப்பர், மெக்கானிக்கல்னா கீக்கு ஒரு சுவிட்ச். செர்ரி கம்பெனியோட பழைய காப்புரிமை 2014ல முடிஞ்சதுக்கப்புறம் அதே டிசைன்ல ஏகப்பட்ட கம்பெனி சுவிட்ச் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, அதனால இன்னைக்கு மெக்கானிக்கல் ஒண்ணும் ஆடம்பரம் இல்ல. செர்ரி எம்எக்ஸ் ரெட் வழுக்கிட்டு நேரா இறங்கும், 2 மிமீல பதிவாகும், முழுசா 4 மிமீ போகும், 45 சென்டிநியூட்டன் அழுத்தம் போதும். ஸ்பீட் சில்வர்னு ஒண்ணு 1.2 மிமீலயே பதிவாகும். பிரவுன்ல நடுவுல ஒரு சின்ன தட்டு தெரியும். ப்ளூ கிளிக் கிளிக்னு சத்தம் போடும், டைப் பண்ண ஜாலியா இருக்கும், ஆனா வாய்ஸ் சாட் யூஸ் பண்றவங்க அத வாங்காதீங்க, உங்க டீம்மேட்ஸுக்கு நீங்க பேசுறத விட கீ சத்தம் தான் அதிகமா கேக்கும், நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள ஒருத்தன் உங்கள மியூட் பண்ணிருப்பான்.

இப்ப எல்லாரும் பேசுறது ஹால் எஃபெக்ட், அதாவது காந்த சுவிட்ச். கீ எவ்வளவு ஆழம் இறங்கிருக்குன்னு அது அளந்துட்டே இருக்கும், அதனால எந்த ஆழத்துல பதிவாகணும்னு நீங்களே முடிவு பண்ணலாம், 0.1 மிமீல இருந்து கிட்டத்தட்ட அடி வரைக்கும். வூட்டிங் கம்பெனி இத பிரபலமாக்கினாங்க, ராப்பிட் ட்ரிக்கர்னு சொல்றது இதுல தான், விரல லேசா தூக்கினாலே கீ விட்டுடும், திரும்ப லேசா அமுக்கினா பதிவாகும், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி டக்குனு நின்னு சுடுற கேம்ல வித்தியாசம் தெரியும். ஆனா எல்லா கீயையும் 0.1ல வச்சுட்டு உக்காந்தா விரல் சும்மா பட்டாலே எல்லாம் ஓடும், பேசுற பட்டனும் தொறந்துக்கும், நீங்க பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசுறது மொத்த டீமுக்கும் போகும். நடக்குற நாலு கீய மட்டும் ஒரு மிமீக்குள்ள வைங்க, பேசுற பட்டனும் கிரனேடும் 2.5, 3 மிமீன்னு ஆழமா வைங்க. கீக்கு கீ தனித்தனியா மாத்த முடியறது தான் இதோட உண்மையான பயன், அத தான் யாரும் தொடறதில்ல.

ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலைல ரேசர் "ஸ்னாப் டாப்"னு ஒரு வசதி விட்டாங்க, ஏ அமுக்கிட்டே டி அமுக்கினா கடைசியா அமுக்கினது மட்டும் எடுத்துக்கும், கைத்திறமை இல்லாமயே எதிர்ப்பக்கம் திரும்பலாம். அடுத்த மாசமே அந்த கேம் கம்பெனியான வால்வ் கவுன்டர் ஸ்ட்ரைக் 2வோட அதிகாரப்பூர்வ சர்வர்கள்ல இத தடை பண்ணிட்டாங்க, கண்டுபிடிச்சா மேட்ச்ல இருந்து வெளிய தள்ளும். வேற கம்பெனில இதே வசதி வேற பேருல இருக்கும், அந்த கேம் ஆடுறப்ப ஆஃப் பண்ணி வைங்க. மேக்ரோவும் அப்படி தான், ஒரு பட்டனுக்கு ஒரு வேலைன்னா பிரச்சனை வராது, ஒரு பட்டன் அமுக்கினா நாலு வேலை வரிசையா நடக்கும்னா அந்த கேமோட விதிய படிச்சுட்டு பண்ணுங்க.

போலிங் ரேட், அதாவது ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை கீபோர்ட் கம்ப்யூட்டருக்கு தகவல் அனுப்புதுங்கறது, அது பத்தி சுருக்கமா: 125 ஹெர்ட்ஸ்னா 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, 1000னா 1 மில்லிசெகண்ட், 8000னா 0.125. ஆயிரம் போதும், அதுக்கு மேல காசு போடறத விட நல்ல மைக் வாங்குங்க. சைஸ்ல 104 கீ முழு போர்ட வேணாம்னு தான் சொல்லுவேன், நம்பர் பேட் இல்லாத 87 கீ வாங்கினா மவுஸுக்கு இடம் கிடைக்கும், ரெண்டு கையும் தோள் அகலத்துல இருக்கும், தோள் வலிக்காது. 61 கீ இருக்கற குட்டி போர்ட்ல எஃப் வரிசையே இல்ல, எம்எம்ஓ (நிறைய பேரு ஒரே உலகத்துல சேர்ந்து ஆடுற ஆன்லைன் கேம்) ஆடுறவங்களுக்கு ஆகாது.

4. விண்டோஸ் வைக்கிற கண்ணிகள எடுத்துடுங்க

ஷிஃப்ட்ட அஞ்சு தடவை தட்டினா ஸ்டிக்கி கீஸ்னு ஒரு பெட்டி வந்து கேம மினிமைஸ் பண்ணும், வலது ஷிஃப்ட்ட 8 செகண்ட் பிடிச்சா ஃபில்டர் கீஸ் வரும். செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டி, அதுல கீபோர்ட் போய் ரெண்டோட ஷார்ட்கட்டையும் ஆஃப் பண்ணுங்க. விண்டோஸ் கீய கேமிங் கீபோர்ட்ல கேம் மோட் பட்டன் வச்சு பூட்டிடலாம்.

நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு கண்ணி இருக்கு. தமிழ் டைப் பண்ண ரெண்டாவது லேஅவுட் போட்டு வச்சிருப்போம், இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தா லேஅவுட் மாறும். கேம்ல ஷிஃப்ட் ஓட்டம், ஆல்ட் திரும்பிப் பார்க்கன்னு இருந்தா சண்டை நடுவுல ரெண்டும் சேர்ந்து விழும், லேஅவுட் தமிழுக்கு போயிடும். சில கேம் கீயோட இடத்த பார்க்கும், அதுல ஒண்ணும் ஆகாது, சில கேம் எழுத்த பார்க்கும், அதுல ஆள் அப்படியே நின்னுடுவான், பட்டன் எதுவும் வேலை செய்யாது, கீபோர்ட் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணிட்டு இருப்போம். விண்டோஸ் 11ல டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்ட் செட்டிங்ஸ், அதுல இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் போய் அந்த ஆல்ட் ஷிஃப்ட் ஷார்ட்கட்ட எடுத்துடுங்க. விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்ந்தாலும் லேஅவுட் மாறும், தமிழுக்கு போக அது ஒண்ணு போதும்.

5. கீபேட் யாருக்கு தேவை

கீபேட்னா இடது கைக்கு மட்டும் செஞ்ச பாதி கீபோர்ட், உள்ளங்கை வைக்க ஒரு மேடு, இருபது முப்பது பட்டன், கட்டைவிரலுக்கு ஒரு ஸ்டிக்கோ நாலு பக்க பட்டனோ. பெல்கின் நாஸ்ட்ரோமோ என்52 காலத்துல இருந்து இருக்கு, அந்த வழில வந்தது தான் ரேசரோட ஆர்ப்வீவர், டார்ட்டரஸ் எல்லாம். லாஜிடெக் ஜி13ல ஒரு குட்டி திரையே இருந்துச்சு, இப்ப தயாரிக்கறதில்ல, பழசு வச்சிருக்கவங்க விக்க மாட்டேங்கறாங்க. அசெரான்னு ஒண்ணு, ஒவ்வொரு விரலையும் சுத்தி பட்டன் நிக்கும், பார்க்க பயமா இருக்கும், கை அளவுக்கு அட்ஜஸ்ட் பண்ணலாம்.

மணிக்கட்டு வலி இருக்கறவங்க, இருபது ஸ்கில் பட்டன் வேணும்ங்கற எம்எம்ஓ ஆளுங்க, கட்டைவிரல் ஸ்டிக்கால நடந்து பழகினவங்க, இவங்களுக்கு கீபேட் நல்லது. வெறும் ஷூட்டர் மட்டும் ஆடுறீங்கன்னா வேணாம். ஏன்னா பழக வாரக்கணக்காகும், அதோட சாட்ல ஒரு வரி டைப் பண்ணணும்னா பெரிய கீபோர்ட இழுக்கணும். அதனால வாய்ஸ் சாட் சரியா செட் ஆன பிறகு தான் கீபேடுக்கு போகணும், அதுக்கு முன்னாடி போனா ஊமை மாதிரி உக்காந்திருப்பீங்க.

செட் பண்றப்ப கட்டைவிரல் பக்கத்துல இருக்கற பெரிய பட்டன் ஒண்ண பேசுறதுக்கு ஒதுக்குங்க, அங்கயும் எஃப்13 தான். கட்டைவிரல் ஸ்டிக்ல நடக்குறதா இருந்தா அந்த விரல் எப்பவும் பிஸி, அப்ப சுண்டுவிரல் வரிசைல வைங்க. ப்ரொஃபைல பேடோட உள் மெமரில சேவ் பண்ற வசதி இருந்தா கண்டிப்பா அதுல சேவ் பண்ணுங்க, இல்லன்னா சாஃப்ட்வேர் ஓடாத கம்ப்யூட்டர்ல எல்லாம் பழைய எழுத்துக்கே திரும்பிடும்.

காசு மிச்சம் பண்ண சில பேரு தனி யூஎஸ்பி நம்பர் பேட வாங்கி இடது பக்கம் வச்சுப்பாங்க. நல்ல ஐடியா தான், ஒரு பள்ளம் மட்டும் இருக்கு. நம் லாக் ஆன்ல இருக்கப்ப ஷிஃப்ட்ட பிடிச்சுக்கிட்டு 4 அமுக்கினா விண்டோஸ் அத இடது அம்புக்குறியா மாத்தும், மாத்துறதுக்காக ஷிஃப்ட்ட ஒரு கணம் விட்டுட்ட மாதிரி கேமுக்கு சொல்லும். ஓடிட்டே ஸ்கில் போட்டா ஓட்டம் நின்னுடும், காரணமே புரியாது. நம் லாக்க ஆஃப் பண்ணிட்டு பட்டன்கள திரும்ப கேம்ல பதிங்க, இல்ல ஓடுறத ஷிஃப்ட்ல இருந்து வேற கீக்கு மாத்துங்க.

6. மைக்: எது, எங்க, எவ்வளவு தூரம்

வயர்லெஸ் ப்ளூடூத் ஹெட்செட் பாட்டு கேக்க அருமையா இருக்கும், மைக் தொறந்த உடனே சத்தம் டெலிஃபோன் மாதிரி ஆகிடும். ஹெட்செட் கெடல, ப்ளூடூத்ல ஸ்டீரியோ சத்தத்துக்கு ஒரு முறை, மைக்கோட பேசுறதுக்கு இன்னொரு முறை, ரெண்டாவது முறைக்கு மாறினா மோனோ ஆகி தரம் விழும், காலடி எந்த பக்கம்னே தெரியாது. கேமுக்கு வயர், இல்ல தனி யூஎஸ்பி டாங்கிள் வர்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ். ப்ளூடூத் தான் இருக்குன்னா அதுல கேக்க மட்டும் செய்யுங்க, மைக்குக்கு வேற எதையாவது செலக்ட் பண்ணுங்க.

3.5 மிமீ பின் ஹெட்செட்னா பின்ன உத்துப் பாருங்க. மூணு கருப்பு கோடு இருந்தா மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே பின்ல, ரெண்டு கோடுன்னா ஒண்ணுக்கு மட்டும். மூணு கோடு பின்ன டெஸ்க்டாப்போட பச்ச ஓட்டைல சொருகினா சத்தம் கேக்கும், மைக் வேலை செய்யாது, பாதி பேரு இதுக்கு தான் ஹெட்செட்ட திருப்பி அனுப்புறாங்க. ரெண்டா பிரிக்கிற ஒய் கேபிள் போட்டா தீர்ந்துச்சு.

டேபிள்ல நிக்கிற மைக்கோட பெரிய தப்பு அது நிக்கிற இடம் தான். கீபோர்டுக்கு பின்னாடி வச்சா மைக்குக்கு முதல்ல கீபோர்ட், அப்புறம் தான் உங்க வாய். தூரத்த பாதியா குறைச்சா உங்க குரல் 6 டெசிபல் ஏறும், கீ சத்தம் ஏறாது, அதுக்கேத்த மாதிரி கெயின (மைக் சத்தத்த ஏத்துற அளவு) குறைச்சா கீ சத்தம் தானா அமுங்கும். எந்த சாஃப்ட்வேர் ஃபில்டரும் இதுக்கு ஈடாகாது. ஒரு ஆர்ம் மாட்டி வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள கொண்டு வாங்க, நேரா வாய்க்கு முன்னாடி வேணாம், கொஞ்சம் ஓரமா, அப்ப தான் ப, ஃப வர்றப்ப காத்து மைக்ல அடிக்காது. ஹெட்செட் மைக்னா வாயோரம் ரெண்டு விரல் இடைவெளி, மூக்குக்கு நேரா இருக்கவே கூடாது. டேபிள்ல தட்டுற அதிர்வு ஸ்டாண்ட் வழியா ஏறும், கீபோர்டுக்கு கீழ ஒரு தடிமனான மேட் போட்டா நல்லாவே குறையும்.

7. சாஃப்ட்வேர்

1999ல ரோஜர் வில்கோங்கற வாய்ஸ் சாட் ஆப் வந்தப்ப இருந்தே இந்த கூத்து நடக்குது, அப்புறம் டீம்ஸ்பீக், வென்ட்ரிலோ, மம்பிள், 2015ல டிஸ்கார்ட். இன்னைக்கு எல்லாரும் டிஸ்கார்ட்ல இருக்கறதால அதுவே நடைமுறைக்கு சரி. சொந்த சர்வர் வேணும், தாமதம் கம்மியா வேணும்னா மம்பிள், ஓப்பன் சோர்ஸ், ஆதரிக்கிற கேம்ல ஆள் நிக்கிற திசைல இருந்தே குரல் வரும். சொந்தமா நடத்துறவங்க ரவுட்டர்ல தொறக்க வேண்டிய போர்ட் மம்பிளுக்கு 64738, டீம்ஸ்பீக் 3 குரலுக்கு யூடிபி 9987, ரெண்டும் மாத்தாம விட்டா வர்ற நம்பர்.

டிஸ்கார்ட்ல வாய்ஸ் அண்ட் வீடியோ போய் இன்புட் டிவைஸ "டிஃபால்ட்"ல விடாம மைக் பேரயே செலக்ட் பண்ணுங்க, டிஃபால்ட்ல விட்டா கேம்பேட் ஒண்ணு சொருகினாலே சில சமயம் அதோட மைக்குக்கு தாவிடும். புஷ் டு டாக் ஆன் பண்ணி பட்டன பதிங்க. அதுக்கு கீழயே ரிலீஸ் டிலேன்னு ஒரு ஸ்லைடர் இருக்கு, பட்டன விட்டதுக்கப்புறம் மைக் எவ்வளவு நேரம் தொறந்திருக்கணும்னு. இது தமிழ்ல பேசுறவங்களுக்கு ரொம்ப முக்கியம், நமக்கு வேணாங்கறது வாக்கியத்தோட வால்ல தான் வரும், "உள்ள போகாத"ன்னு சொல்லி அவசரத்துல பட்டன விட்டா அந்தப் பக்கம் "உள்ள போ"ன்னு தான் கேக்கும். 200ல இருந்து 300 மில்லிசெகண்ட் வைங்க.

கெயின் செட் பண்றப்ப அமைதியா "ஹலோ ஹலோ"ன்னு சொல்லி செட் பண்ணாதீங்க. சண்டைல எப்படி கத்துவீங்களோ அப்படி கத்திப் பாருங்க, அந்த சத்தத்துலயும் மீட்டர் சிவப்புக்கு போகாம, உச்சம் மைனஸ் 6 டெசிபல் கிட்ட நிக்கற மாதிரி வைங்க. நாய்ஸ் சப்ரஷன், அதாவது பின்னணி சத்தத்த குறைக்கிற வசதி, ஒரே இடத்துல மட்டும் ஆன்ல இருக்கட்டும். ஹெட்செட்டோட சாஃப்ட்வேர்ல ஒண்ணு, டிஸ்கார்ட்ல ஒண்ணு, கிராஃபிக்ஸ் கார்ட் ஆப்ல ஒண்ணுன்னு மூணும் ஆன்ல இருந்தா குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும், சொல்லோட முதல் எழுத்தும் போயிடும்.

யாராவது பேசினா கேம் சத்தம் தானா குறையுதுன்னா அது விண்டோஸ் வேலை. பழைய கன்ட்ரோல் பேனல்ல சவுண்ட், அதுல கம்யூனிகேஷன்ஸ் டேப், "மத்த சத்தத்த 80 சதவீதம் குறை"ன்னு இருக்கும், "டூ நத்திங்" போடுங்க. டிஸ்கார்ட்லயும் அட்டென்யூவேஷன்னு ஒரு ஸ்லைடர், அதையும் பூஜ்யம். அப்புறம் ஆளாளுக்கு ரைட் கிளிக் பண்ணி வால்யூம் சமம் பண்ணுங்க, 200 வரைக்கும் ஏத்தலாம், கத்துறவன குறைச்சு முணுமுணுக்கறவன ஏத்துங்க.

மூடின ஹெட்செட் போட்டா நம்ம குரல் நமக்கே கேக்காது, அதனால தானா கத்துவோம். சைடுடோன்னு ஒரு வசதி ஹெட்செட்ல இருந்தா ஆன் பண்ணுங்க, உங்க குரல் லேசா காதுல விழும், வீட்டுல இருக்கறவங்களும் நிம்மதியா இருப்பாங்க.

8. பேசுறப்ப

இடம் முதல்ல, எண்ணிக்கை அடுத்து, மீதி அப்புறம். "மாடில ரெண்டு பேரு, ஒருத்தன் பாதி உசுரு" இவ்வளவு போதும். "டேய் டேய் டேய் இங்க இங்க"ன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது, இங்கன்னா எங்க. செத்ததுக்கப்புறம் தகவல் சொல்லிட்டு வாய மூடிக்கணும், கடைசி ஆள் தனியா நிக்கிறப்ப அவன் காலடி கேக்க விடுங்க. தெரியாத ஆளுங்க சேனல்ல சொந்த பேரு, ஊரு, ஸ்கூலு எதுவும் வேணாம், அசிங்கமா பேசுறவங்க கூட வாதாடாம மியூட் பட்டன யூஸ் பண்ணுங்க, அதுக்குன்னு தான் வச்சிருக்காங்க.

9. ஏதாவது சரியில்லன்னா

டெஸ்க்டாப்ல பேசுற பட்டன் வேலை செய்யுது, கேம் உள்ள போனா மட்டும் செத்துப் போகுதுன்னா, கேம் அட்மினிஸ்ட்ரேட்டரா ஓடுது, டிஸ்கார்ட் சாதாரணமா ஓடுது, விண்டோஸ் மேல இருக்கற ப்ரோக்ராமோட கீய கீழ இருக்கறதுக்கு காட்டாது. ரெண்டையும் ஒரே மாதிரி ஓட்டுங்க, முடிஞ்சா கேம சாதாரணமா ஓட்டுறது நல்லது.

உங்க குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டா தப்பு உங்க பக்கம் இல்ல, வேற யாரோ ஸ்பீக்கர்ல கேக்கறாங்க, அது அவங்க மைக்ல ஏறி வருது. ஒவ்வொருத்தரா மியூட் பண்ணச் சொல்லுங்க, யாரு மியூட் ஆனதும் நிக்குதோ அவரு தான். குரல் ரெண்டு தடவை கேட்டா கேம் உள்ள இருக்கற வாய்ஸும் டிஸ்கார்டும் சேர்ந்து ஆன்ல இருக்கு, ஒண்ண ஆஃப் பண்ணுங்க.

குரல் ரோபோ மாதிரி உடைஞ்சா நெட் ஸ்பீட குறை சொல்லாதீங்க. இப்ப பெரும்பாலும் யூஸ் ஆகுறது 2012ல தரமாக்கின ஓப்பஸ் கோடெக் (குரல சுருக்கி அனுப்புற முறை), டிஸ்கார்ட் சேனல் வழக்கமா 64 கேபிபிஎஸ், ஒருத்தர் விடாம பேசினாலும் மணிக்கு 29 எம்பி கிட்ட தான் ஆகும். பிரச்சனை பாக்கெட் (நெட்ல போற தகவல் துண்டு) தொலையறது, இல்ல ஒரே சீரா வராதது. பின்னாடி ஏதாவது அப்லோட் ஆகுதா பாருங்க, ஃபோன் பேக்கப் ஆகுறப்ப தான் பெரும்பாலும் இது நடக்கும், வைஃபைய விட்டு கேபிள் போட்டுப் பாருங்க, எல்லாருக்குமே உடையுதுன்னா டிஸ்கார்ட் சேனல் செட்டிங்ஸ்ல ரீஜன (சர்வர் இருக்கற இடம்) பக்கத்துல இருக்கறதுக்கு மாத்துங்க.

கீ சில சமயம் ரெட்டையா விழுந்தா, இல்ல பிடிச்சிருக்கப்பவே விட்டு விட்டுப் போனா, முதல்ல யூஎஸ்பி ஹப்ப எடுத்துட்டு நேரா மதர்போர்ட் போர்ட்ல சொருகுங்க. அப்பவும் இருந்தா சுவிட்ச் தேய்ஞ்சிருக்கு. ஹாட் ஸ்வாப் (சுவிட்ச பிடுங்கி மாத்த முடியற) கீபோர்ட்னா அதிகம் யூஸ் பண்ணாத ஸ்க்ரால் லாக் சுவிட்ச பிடுங்கி டபிள்யூக்கு போடுங்க, அங்க இருந்தத ஸ்க்ரால் லாக்குக்கு அனுப்பிடுங்க.